தொண்ணூற்றெட்டில் நின்ற எண்

காணும் பொங்கலன்று உத்திரமேரூர்ப் பக்கம் போய் வந்தோம். ஏரிக்கரைக்குக் கீழே என் கணவருடைய நண்பரின் நிலம் இருக்கிறது. அங்கே கரி மூட்டிக் கோழி சுட்டுச் சாப்பிடுவது இவருடைய நெடுநாள் ஆசை. பறவைக் காய்ச்சல் செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் பவிக்கு மூன்று வயது. வேகாத கோழி அவள் வாய்க்குப் போய்விடக் கூடாது. கொழுந்தனார் அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருந்த வயர்லெஸ் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

தாம்பரத்தில் காலை ஏழரைக்கு ரயில். செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தால் உத்திரமேரூர் சுமார் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் பத்து ரூபாய். விழா நாள் என்பதால் நின்றுகொண்டே போனோம். பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை என்பவரின் ஆட்டோவைப் பேசினோம். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது. நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது.

கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்பீர்கள். கறிக்குள் செருக ஒரு கம்பி. அது ஒயரோடு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பாவில் மாட்டியிருக்கும். இன்னொரு டப்பா நம் கையில். நூறடிக்குள் இருந்தால் கறியின் சூடு கையிலேயே தெரியும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறும். தூரம் போனால் எண் போய் மூன்று கோடுகள் மட்டும் வரும். கோழிக்கு நூற்றறுபத்தைந்து டிகிரி (ஃபாரன்ஹீட்) வர வேண்டும்.

முதல் கோழியை அடுப்பில் ஏற்றியதும் ஏழுமலை பக்கத்தில் வந்து குந்தினார்.

"இன்னாம்மா இது, செத்த கோயிக்கு ஜொரம் பாக்கறீங்க? இப்ப எவ்ளோ கீது?"

"தொண்ணூத்தெட்டு."

"அப்ப உயிரு வந்துடுச்சி. இன்னும் ரெண்டு ஏறுனா எய்ந்து ஓடும், புட்ச்சிக்கோங்க."

சிரித்தோம். அந்த நேரத்தில்தான் பவி வந்து என் புடவையை இழுத்து, "அம்மா, குளிருது" என்றாள். "இருடி, நூத்தி அறுபத்தஞ்சு வரட்டும்" என்றேன். ஜனவரி, ஏரிக்காற்று, குளிரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

கோழி பிரமாதமாக வந்தது. அடுத்து ஆட்டுத்தொடை. நான் பம்புசெட் தொட்டியில் பாத்திரம் கழுவப் போனேன். கையிலிருந்த டப்பாவில் எண்பத்தாறு, தொண்ணூற்று மூன்று என்று ஏறியது. சரி, இவர் தொடையில் கம்பியைச் செருகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தொண்ணூற்றெட்டு வந்தது. நின்றது. பாத்திரமெல்லாம் கழுவி முடித்தும் தொண்ணூற்றெட்டு. திரும்பி வந்து, "ஏங்க, நெருப்பு அணைஞ்சிடுச்சா? ஏறவே மாட்டேங்குது" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் இன்னும் கறியையே வைக்கலையே. கம்பி பாய் மேலதான இருக்கு?"

பாயில் கம்பி இல்லை. டப்பா இல்லை. பவியும் இல்லை.

அடுப்பில் வெறும் கம்பிவலை சிவந்து கிடந்தது. என் உள்ளங்கையில் எண் தொண்ணூற்றொன்பதாக மாறியது.

எங்கோ என் குழந்தையின் உடம்புச் சூடு. அது வந்துகொண்டிருக்கிறது, குழந்தையைக் காணோம். கூப்பிட்டோம். ஆட்டோவுக்குள்ளும் பம்புசெட்டுக்குப் பின்னாலும் தேடினோம். புல் அறுத்துக்கொண்டிருந்த கன்னியம்மா என்ற பெண் அரிவாளோடு ஓடி வந்தாள். "கொயந்த இந்தாண்ட வர்லியே எம்மா! ஏரிப்பக்கம் பாத்தீங்களா?"

கரைமேல் ஓடினேன். நிறைந்த ஏரி, அலைகூட இல்லை. கையில் மூன்று கோடுகள்.

பின்னாலேயே வந்த ஏழுமலை மூச்சு வாங்க, "தண்ணிக்குள்ள பூட்டாலும் கோடுதான் காட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வந்த வழியிலேயே சறுக்கிக்கொண்டே கீழே இறங்கினேன். எண் திரும்ப வந்தது: தொண்ணூற்று நான்கு. அரை நிமிடம் கழித்து எண்பத்தேழு. அடுத்து எண்பத்தொன்று. தை மாதத்து ஏரித்தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கும்? நின்ற இடத்திலேயே அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அசைந்தால் கோடு வந்துவிடுமோ என்று பயம்.

எண்பத்தேழு. தொண்ணூற்றாறு. நூறு.

"ஏறுது!" என்று கத்தினேன். இவர் ஒரு பக்கம் கைகாட்ட, அந்தப் பக்கம் நடந்தேன், கோடு. திரும்பினேன்; நூற்றொன்று. களத்து மேட்டைத் தாண்டியும் எண் போகவில்லை. அங்கே இருந்தது ஒரு வைக்கோல் போர்தான். மாடு தின்று தின்று அடியில் குடைந்திருந்த பொந்திலிருந்து ஒயர் நுனி தெரிந்தது. கன்னியம்மா கையை விட்டு வைக்கோலை வாரி இழுத்தாள்.

பவி சுருண்டு படுத்திருந்தாள். கம்பி கக்கத்தில் குறுக்காக இருந்தது, நல்லவேளை முனை எங்கும் குத்தவில்லை. உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்து என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு நூறு வந்துச்சாம்மா?"

"ஏன்டி தங்கம் இங்க வந்த?"

"குளிருச்சு. நீ கோழிக்கே பாத்துட்டிருந்த. அதான் நானே வச்சுக்கிட்டேன். நடுவுல விழுந்துடுச்சு, திரும்ப வச்சேன்."

ஆட்டுத்தொடையை அடுப்பில் ஏற்றவே இல்லை. கறியைக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதே ஆட்டோவில் ஊருக்குள் ஒரு டாக்டரிடம் போனோம். சாதாரண வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் விட்டது. வழி முழுக்க ஏழுமலை கண்ணாடியில் பவியைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினார்.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் ஏரி நிறைந்து அழகாக இருக்கும். மாலை ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள், அதற்கப்புறம் பஸ் குறைவு. கரி செங்கல்பட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியைத் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் செருகுங்கள். வேலை முடிந்ததும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தைக்கென்று வேறு ஒரு தெர்மாமீட்டர் பையில் இருக்கட்டும்.

அந்தக் கருவியை நான் தூக்கிப் போடவில்லை. மொட்டை மாடியில் இன்னும் கோழி சுடுகிறோம். பச்சைக் கறி நூற்றறுபத்தைந்துக்குப் போகும் வழியில் எப்படியும் தொண்ணூற்றெட்டைத் தாண்டியாக வேண்டும். அந்த அரை நிமிடம் மட்டும் நான் அடுப்பைப் பார்ப்பதில்லை. பவி எங்கே என்று பார்க்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.