முப்பத்தொன்றாம் எண் குழி

எழுபதுகளின் கடைசியில், தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகால் மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது. இடம், திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் இருந்த மைதானம். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது, தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தினமும் டைரி எழுதும் பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பில் ஸ்கோர் நோட்டை என் கையில் கொடுத்திருந்தார்கள். யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார், நடுவர் யாரை எச்சரித்தார், எல்லாமே அதில் இருக்கும். தகராறு வந்தால் அந்த நோட்டைத்தான் பிரிப்பார்கள். நோட்டில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை.

எங்கள் டீமில் ஒரு பேக் ஆட்டக்காரர் இருந்தார். கோலுக்கு முன்னால் நின்று எதிரணி ஆட்களைத் தடுப்பது அவர் வேலை. பல தலைமுறையாக ஊரில் இருக்கும் முஸ்லிம் குடும்பம். கடைத்தெருவில் பஞ்சு மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தார். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பாய்தான். வேலூர், ஆரணி, விழுப்புரம் என்று எந்த ஊர் டீம் வந்தாலும் முதலில் "பாய் ஆடுறாரா?" என்று கேட்பார்கள். பந்தோடு சேர்த்து ஆளையும் எடுத்துவிடுவார் என்பது அவருக்கு இருந்த பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. என் நோட்டில் அவர் வாங்கிய எச்சரிக்கைகள் மற்ற பத்துப் பேருடையதைக் கூட்டினாலும் அதைவிட ஜாஸ்தி.

"பகல்ல மெத்த தைக்கிறாரு, சாயங்காலம் அதுல படுக்க ஆள் ரெடி பண்றாரு!" என்று வெளியிலிருந்து கத்துவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அந்த வருடம் அவருக்கு முப்பத்தாறு வயது. முழங்கால் இரண்டும் வீங்கித்தான் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் வேட்டித் துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னும் ரெண்டு வருஷம் ஆடிட்றேன் சார். அப்புறம் நானே வுட்டுட்றேன்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வேறு எதையும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு வெளியூர் பஸ்கள் அத்தனையும் உள்ளே வர முடியாது என்பதால், அந்தப் பத்து நாளும் எங்கள் மைதானம் தற்காலிக பஸ் நிலையமாகிவிடும். டிக்கெட் கொட்டகை, தண்ணீர்ப் பந்தல், போலீஸ் கொட்டகை என்று வரிசையாகக் கால் நடுவார்கள். திருவிழா முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். குழிகள் அப்படியே இருக்கும். பொங்கலுக்குப் பிறகு எங்கள் போட்டி. அதற்குள் நாங்களே குழிகளை மண் போட்டு மூடுவோம். மண்வெட்டி பிடிப்பவர்களில் பாய் எப்போதும் முதல் ஆள்.

இந்த வேலைக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். மைதானத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒவ்வொரு குழிக்கும் எண் கொடுப்பேன். மூடியபின் நானே போய்க் குதிகாலால் மூன்று முறை ஓங்கி மிதித்துப் பார்ப்பேன். மண் இறங்காவிட்டால்தான் சிவப்புப் பென்சிலால் டிக். "சார் மிதிச்சா யானையே நடக்கலாம்" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வருடம் நாற்பத்தாறு குழிகள். வலது பக்கக் கோட்டை ஒட்டியிருந்த முப்பத்தொன்றாவது குழியின் மேல் யாரோ தார்ப்பாய்களைக் குவித்து வைத்திருந்தார்கள். நாளைக்கு எடுத்துவிடுவார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மற்ற நாற்பத்தைந்துக்கும் டிக் போட்டாயிற்று. தாளில் ஒரே ஒரு இடம் காலியாக இருப்பது என் கண்ணை உறுத்தியது. அதற்கும் ஒரு டிக் போட்டு மடித்து வைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் தணிக்கை வேலை. மறந்தே போனேன். தார்ப்பாயை எடுத்தவர்கள் அடியில் கிடந்த வைக்கோலைக் குழியின் மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இறுதி ஆட்டம். எதிர் டீமின் வலது ஓரத்தில் அடி அண்ணாமலையைச் சேர்ந்த ஒரு இளைஞர் ஆடினார். இருபத்திரண்டு வயது, விவசாயக் குடும்பம். காற்று மாதிரி ஓடுவார். இரண்டாவது பாதியில், ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில், அவர் பந்தைக் கோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பாய் பக்கவாட்டில் பாய்ந்தார். என் மேஜை அங்கேயிருந்து பத்தடி தூரம்தான். பாயின் கால் பந்தை மட்டும்தான் தொட்டது. பந்து கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தது. அதைப் பிடிக்க அந்த இளைஞர் இன்னும் ஒரு எட்டு வைத்தார். அந்த எட்டு வைக்கோலின் மேல் விழுந்தது. கால் முழங்கால் வரை உள்ளே போனது. ஓடி வந்த வேகத்தில் உடம்பு முன்னால் சாய்ந்தது. அப்போது கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. நிற்க முடியாமல் பாயும் அவர் மேலேயே விழுந்தார். இருவரும் புரண்டதில் கால் குழியிலிருந்து வெளியே வந்துவிட்டது, வைக்கோல் மறுபடியும் குழியின் மேல் சரிந்துகொண்டது.

மைதானத்தின் மற்ற பக்கங்களில் இருந்தவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவர் விழுந்ததுதான் தெரிந்தது.

"ஒடச்சிட்டான்யா! கால ஒடச்சிட்டான்!"

கூட்டம் உள்ளே புகுந்தது. இளைஞருக்கு நினைவு தப்பிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நடுவர் பாயை வெளியே போகச் சொன்னார். பாய் உடனே போகவில்லை. குழியைக் குனிந்து பார்த்தார். காலால் வைக்கோலை ஒதுக்கினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குழிகளைச் சரிபார்ப்பது யார் பொறுப்பு என்று அவருக்குத் தெரியும். நான் குனிந்து நோட்டில் எழுதினேன்: "58-வது நிமிடம். முறைகேடான தடுப்பு. எதிரணி வீரருக்குக் கால் முறிவு. வெளியேற்றம்."

என் கையெழுத்து அன்றும் அழகாகவே இருந்தது.

மறுநாள் மாலை கிளப் அறையில் கமிட்டி கூடியது. ஐந்து பேர். பாயை நிற்க வைத்துக் கேட்டார்கள். "பந்ததான் எடுத்தேன்" என்றார் பாய்.

செயலாளர் சிரித்தார். "இதையேதான் பதினஞ்சு வருஷமா சொல்லிக்கினு இருக்க. சார், நோட்டுல இன்னா இருக்கு?"

நான் வாசித்தேன். பாய் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கிட்டத்துல இருந்தீங்க. வேற ஏதாச்சும் பார்த்தீங்களா?"

குழியைப் பற்றி அவரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தப்பிக்கப் புளுகுகிறார் என்பார்கள். நான் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். அவரும் அதற்காகத்தான் என்னைக் கேட்டார். யானை நடக்கலாம் என்ற பெயர், சிவப்புப் பென்சில், கட்டம் போட்ட தாள், இவைதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன.

"எழுதினதுதான் பாய்" என்றேன்.

"சரிங்க" என்று அவர் அறை மூலையில் கிடந்த தன் ஆட்ட ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். இனி இந்த ஊரில் எந்த டீமிலும் அவரைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு எழுதப்பட்டது. அதையும் நான்தான் எழுதினேன்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு மைதானத்துக்குப் போனேன். முப்பத்தொன்றாவது குழி ஏற்கெனவே மூடப்பட்டு, இறுக மிதிக்கப்பட்டிருந்தது. யார் மூடினார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் பாய் நின்றிருந்தார். கையில் புதிதாகத் தைத்த ஒரு சின்ன மெத்தை. முறிந்த காலின் அடியில் வைப்பதற்கென்று அளவாகத் தைத்தது. அந்த இளைஞரின் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எம் புள்ள கால ஒடச்சிட்டு மெத்த போட வந்தியா? தூக்கிக்கினு போயா! உன் மூஞ்சில முழிச்சாலே பாவம்!"

பாய் மெத்தையை வாசலோரம் வைத்தார். அந்த அம்மா அதைக் காலால் தள்ளிவிட்டார். பாய் எடுத்துத் தட்டி, மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிட்டு, என்னைக் கடந்து படி இறங்கினார். அந்தத் தாயிடம் இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. வாங்கிப் போன சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இளைஞருக்கு விழுந்தது எதுவும் நினைவில் இல்லை. பந்து தெரிந்தது, பாய் வருவது தெரிந்தது, பிறகு ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் என்றார். ஊர் சொன்னதை அவரும் நம்பினார். கால் கூடிவிட்டது, ஆனால் சற்று இழுத்துத்தான் நடப்பார். பாய் அதன் பிறகு மைதானத்துக்குப் பந்து பார்க்கக்கூட வரவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த விசாரிப்பைத் தாங்க முடியாமல் நான் தெருவை மாற்றிக்கொண்டேன்.

ஏழு வருடம் போனது. எண்பதுகளின் நடுவில், புதிதாக வந்த கிளப் நிர்வாகிகள் பழைய ஆட்டக்காரர்களைக் கௌரவிப்பது என்று தீர்மானித்தார்கள். பழைய தடையெல்லாம் யாருக்கும் நினைவில்லை. இறுதி ஆட்டத்தன்று மாலை மைதானத்திலேயே மேடை. பாயை நடுவில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ரசிகர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள்.

"நான் ஃபார்வர்டுங்க. பாய் ஆடுறாருன்னு தெரிஞ்சா எனக்குக் காலைலியே வயித்த வலி வந்துடும்" என்றார் ஒருவர். மழையில் நனைந்து கல்லாகக் கனத்த தோல் பந்தைப் பாய் நெஞ்சில் வாங்கியதையும், பந்தின் தையல் தடம் மூன்று நாள் நெஞ்சில் இருந்ததையும் ஒருவர் சொன்னார். நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியபோது துண்டைக் கட்டிக்கொண்டு கடைசிவரை ஆடியதை இன்னொருவர் சொன்னார். இவையெல்லாம் உண்மை. என் நோட்டிலும் இருக்கின்றன. கைதட்டல் ஓயவில்லை. பாய் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அப்போது மைக் பிடித்திருந்த நிர்வாகி, கூட்டத்தில் இருந்த அடி அண்ணாமலைக்காரரை மேடைக்கு அழைத்தார். "பாய் வேலைக்கு சாட்சி இவரு கால்தாங்க! பேன்ட்ட கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கண்ணே!" கூட்டம் சிரித்தது. அவரும் சங்கடத்தோடு சிரித்துக்கொண்டே பேன்ட்டை உயர்த்தித் தழும்பைக் காட்டினார். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. மேடைக்குப் போய் மைக்கை வாங்கி, முழுவதையும் வரிசையாகச் சொன்னேன். குழி, தார்ப்பாய், பொய் டிக், நோட்டில் எழுதியது, கமிட்டியில் சொன்னது. "இவர் தொட்டது பந்தை மட்டும்தான். கால் உடைந்தது என்னால்" என்று முடித்தேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பலமாகக் கைதட்டினார்கள்.

நிர்வாகி மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்க! பாய் மேல பழி இருக்கக் கூடாதுன்னு சார் தன் மேல போட்டுக்கிறாரு! இந்த மனசு யாருக்கு வரும்?"

"சார் வுடுங்க சார்! கால ஒடச்சாதான் சார் அவரு பாய்!" என்று கீழிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று பெட்டியிலிருந்து தேடி எடுத்து வந்திருந்த கட்டத் தாளைப் பிரித்துக் காட்டினேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டது என்று என்னை இறங்கச் சொன்னார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். அடி அண்ணாமலைக்காரர் என் கையிலிருந்து தாளை வாங்கி, வலது ஓரத்தில் விரலை நகர்த்திக்கொண்டே போய், முப்பத்தொன்றில் நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பாயிடம் போனார்.

"பாய், எங்கம்மா உங்கள..." என்று தொடங்கியவரால் முடிக்க முடியவில்லை.

"அவங்க பெத்தவங்கப்பா. பேசத்தான் செய்வாங்க" என்று பாய் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் பாயிடம் போனேன். கும்பிட்டு, மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பரிசுக் கோப்பையோடு பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த மைதானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அடுத்த ஞாயித்துக்கெழம ஆடியிருப்பேன் சார்."

சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக நடந்து போனார்.

அன்றிரவு அந்த வாக்கியத்தை மட்டும் டைரியில் எழுதினேன். வேறு எதுவும் எழுத வரவில்லை. கிளப்பின் பழைய ஸ்கோர் நோட்டைக் கேட்டு வாங்கி, ஐம்பத்தெட்டாவது நிமிடத்துக்கு எதிரே நடந்ததைத் திருத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இனி அதை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்ட உண்மையைப் பிறகு ஊரையே கூட்டி வைத்துச் சொன்னாலும், ஒருவர் ஆடியிருக்க வேண்டிய ஒரே ஒரு ஆட்டத்தைக்கூட அது திருப்பித் தராது என்பதை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.