விரலை அமுக்கியது யார்?

பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டும். நாய் ஊளையிட வேண்டும். சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போக வேண்டும். இதில் அதெல்லாம் கிடையாது. இது நடந்தது பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, நிழல்கூட விழாத வெளிச்சத்துக்குக் கீழே. அறையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஆறு பேரும் படித்தவர்கள். யார் கண்ணிலும் எதுவும் படவில்லை.

ஆனாலும் நடந்தது. அதை அனுபவித்தவனுக்கு இன்றைக்கும் வலது கை ஆள்காட்டி விரலை யாராவது பிடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

ஆஸ்பத்திரியில் அவனுக்குத் ‘தாலாட்டு’ என்று பெயர். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன். ஊசி போடுவது டாக்டர்தான். மருந்தை எடுத்து வைப்பது, மெஷினைச் சரிபார்ப்பது, ஒயர்களை ஒட்டுவது எல்லாம் இவன். கூடவே, யாரும் கொடுக்காத ஒரு வேலையையும் இவனே எடுத்துக்கொண்டிருந்தான். படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுப்பான். கையைப் பிடித்துக்கொள்வான். எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியும் அவன் பேச்சில் அடங்கிவிடுவார்.

“கண்ணை மூடுவீங்க. தொறப்பீங்க. நடுவுல ஒண்ணுமே இல்லை. அட, சாவே அப்படித்தான் இருக்கும்னா, அதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?”

பதினோரு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். மனசாரச் சொன்னான்.

அவனிடம் அடங்காத ஒரே ஆள், கூடப் பிறந்த அக்கா.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுகிறவர்கள் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு முழிக்கும்போது, பின்னால் வந்து நிற்கும் லாரிக்காரரை ஒரே முறைப்பில் அடக்குவாள். அப்படிப்பட்டவளுக்குப் பித்தப்பையில் கல். இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் வரமாட்டேன் என்றுவிட்டாள். சர்ஜன் கையை விரித்தார். “பை வீங்கியிருக்கு. உள்ளேயே உடைஞ்சா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க” என்றார்.

மாமா கெஞ்சிப் பார்த்தார். பிள்ளைகள் அழுது பார்த்தார்கள். கடைசியில் தாலாட்டு போனான். அக்கா பயிற்சிக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“வலிக்குப் பயமாக்கா?”

“ரெண்டு பெத்தவடா நான். வலியாம் வலி.”

“பின்ன என்ன?”

அக்கா ஸ்டியரிங்கில் படிந்த தூசியைத் துடைத்தாள். பிறகு, “தூங்கறப்பகூட நான் இருக்கேன்டா. கனவு வருது. கொசு கடிச்சா தெரியுது. உங்க ஊசியைப் போட்டா நான் எங்க போவேன்?”

“எங்கயும் போகமாட்டே. நீ பொறக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்தே? அப்போ என்ன கஷ்டப்பட்டியா?”

“அப்போ எனக்குப் புள்ளைங்க இல்லையே, எருமை.”

பதினோரு வருஷத்துப் பேச்சு ஒரே வார்த்தையில் படுத்துவிட்டது.

“இல்லாம போறதுக்குப் பயப்படணும்னா, பயப்படறதுக்கு ஆள் வேணும்ல? ஆளே இல்லைன்னா யாருக்குப் பயம்?” என்று விடாமல் இழுத்தான்.

“அதைத்தான்டா நானும் சொல்றேன். ஆளே இல்லைன்னா...”

அப்புறம் அவளாகவே ஒரு வழி சொன்னாள். சின்ன வயசில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்பார்கள். விளக்கை அணைத்த பிறகு பேசினால் அப்பாவிடம் அடி விழும். அதனால் விரலைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். ஒரு அமுக்கு என்றால் ஆமாம். இரண்டு அமுக்கு என்றால் இல்லை.

“என் கையை விடாம பிடிச்சுக்கோ. உள்ள நான் இருந்தேன்னா அமுக்கறேன். அப்போ நீ சொன்னது பொய்னு ஆயிடும்.”

“அமுக்கலைன்னா?”

“அப்போ நான் இல்லை. நீ ஜெயிச்சே. ஆனா கையை மட்டும் விட்டுடாதே.”

சத்தியம் செய்தான். தைரியமாகவே செய்தான். மயக்க மருந்தோடு சேர்த்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து ஒன்றும் போடுவார்கள். அது உள்ளே போனால் மூச்சைக்கூட மெஷின்தான் விட வேண்டும். இமையை அசைக்க முடியாது. விரலை எங்கே அமுக்குவது? அக்காவுக்கு அது தெரியாது. அவனும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. எண்ணி எண்ணிப் பேசுவார். “இன்னைக்கு நீ வேலை பார்க்க வேண்டாம்ப்பா. தம்பியா மட்டும் இரு” என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார். அக்காவின் இடது கை பக்கத்துப் பலகையில் நீட்டி வைக்கப்பட்டிருந்தது. அவன் உட்கார்ந்தான். தன் ஆள்காட்டி விரலை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், நான் அமுக்கினா உடனே சொல்லு இவங்ககிட்ட.”

“சரிக்கா.”

“அப்புறம், அந்த வெள்ளைக் காருக்குக் கிளட்ச்...”

வாக்கியம் முடியவில்லை. பிடி தளர்ந்தது. விரல்கள் மலர்ந்து விழுந்தன. மணி இரண்டு பத்து.

அக்காவின் நெற்றியில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. மூளை எவ்வளவு விழித்திருக்கிறது என்பதை ஒரு எண்ணாகத் திரையில் காட்டும். விழித்திருந்தால் நூறை ஒட்டி நிற்கும். இப்போது நாற்பத்தொன்று. நல்ல ஆழம். சர்ஜன் தன் மகள் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். நர்ஸ் சிரித்தாள். எல்லாம் வழக்கம்போல.

இரண்டு இருபத்தைந்து.

விரலில் ஏதோ பட்டது.

தன்னுடைய நாடித் துடிப்புதான் என்று நினைத்தான். சில சமயம் அப்படித் தோன்றும். அசையாமல் கவனித்தான்.

மறுபடியும்.

துடிப்பு இல்லை. அமுக்கு. நிதானமான ஒரே ஒரு அமுக்கு.

முழித்துக்கொண்டிருக்கிறாளா? வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே முழித்துக்கொண்டு, கத்தவும் முடியாமல்... அவன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது.

“மேடம்! அக்கா விரலை அசைக்கறாங்க!”

சர்ஜன் கையை நிறுத்தினார். டாக்டரம்மா திரையைப் பார்த்தார். நாற்பத்தொன்று. நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தன. வலி தெரிந்தால் அவை எகிறிக் குதிக்கும். மணிக்கட்டில் ஒட்டியிருந்த கருவியால் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். தசைக்கு உயிர் இருந்தால் கட்டைவிரல் துள்ளும்.

துள்ளவில்லை.

“அசைய வாய்ப்பே இல்லை. ஆழமா இருக்காங்க. நீங்க வேலையைப் பாருங்க சார்” என்று சர்ஜனிடம் சொன்னார். பிறகு அவன் முகத்தையே பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “கையை விட்டுடுப்பா” என்றார்.

அவன் விடவில்லை. சத்தியம் செய்திருந்தானே.

டாக்டரம்மா மருந்துக் குழாயைப் பார்க்கத் திரும்பினார். அவன் குனிந்தான். அக்காவின் காதருகே போனான்.

“கேக்குதா?”

ஒரு அமுக்கு.

கண்ணில் நீர் முட்டியது. அக்கா ஜெயித்துவிட்டாள். உள்ளேதான் இருக்கிறாள்.

“வலிக்குதா?”

ஒன்று... இரண்டு. இல்லை.

அப்பாடா.

“பயமா இருக்கா?”

ஒன்று... இரண்டு.

அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வலி இல்லை. பயமும் இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? எழுந்ததும் இதைச் சொல்லிச் சொல்லியே ஊரைக் கூட்டிவிடுவாள். அந்தச் சந்தோஷத்தில்தான், தேவையே இல்லாத அந்தக் கேள்வியைக் கேட்டான். கொஞ்சலாகத்தான் கேட்டான்.

“அக்கா... நீதானே?”

ஒன்று.

...

இரண்டு.

மெஷின் மூச்சு விட்டது. உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக்.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்தான். மறுபடி கேட்டான்.

“நீ என் அக்காதானே?”

ஒன்று. இரண்டு.

நாற்பத்தொன்று. திரையில் மாற்றமே இல்லை.

“அக்கா... அங்க இருக்காளா?”

ஒன்று. இரண்டு.

அவன் இன்னும் குனிந்தான்.

“திரும்பி... வருவாளா?”

பதில் இல்லை.

உஸ்ஸ்... டக்.

பதில் இல்லை.

அந்தக் கை விரலை அமுக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. மெதுவாக... மிக மெதுவாக... இறுக்கியது.

சட்டென்று வேறொரு கை குறுக்கே வந்தது. டாக்டரம்மா. ஒன்றும் பேசாமல், அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவன் விரலை வெளியே எடுத்தார்.

“வெளிய போய் உக்காரு.”

போனான். கால்கள் கொண்டுபோய் விட்டன என்று சொல்ல வேண்டும். வராந்தாவில் மாமா எழுந்து ஓடி வந்தார்.

“என்ன மச்சான்? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? ஏதாவது ஆயிடுச்சா?”

“நல்லாத்தான் மாமா போகுது.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். ஒரே நினைப்பு. உள்ளே இருந்து வெளியே வரப்போவது யார்?

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள். அக்கா கண்ணைத் திறந்தாள். நாக்கு குழறியது.

“இன்னும்... ஆரம்பிக்கலையா?”

மாமா அழுதுகொண்டே சிரித்தார். தாலாட்டு மட்டும் தள்ளியே நின்றான்.

“அக்கா. சின்ன வயசுல நம்ம வீட்டு நாய் பேரு என்ன?”

“நாய் ஏதுடா நம்ம வீட்டுல? பூனைதான். அதையும் நீதான் தொலைச்சே.” தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தாள். “இவனுக்கும் ஏதாவது போட்டுட்டாங்களா?”

அக்காதான். சந்தேகமே இல்லை. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மூன்று வாரத்தில் அக்கா மறுபடி காரில் ஏறிவிட்டாள். பயம் போன இடம் தெரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு. “ஒண்ணுமே இல்லைங்க! கண்ணை மூடினேன், தொறந்தேன். அவ்வளவுதான். நாளைக்கே சாவு வந்தாலும் இதுதான்னா, தாராளமா வரட்டும். இத்தனை வருஷம் இதுக்கா தூக்கம் கெட்டேன்?”

அவனிடம் தனியாக ஒருநாள் கேட்டாள். “டேய், நான் அமுக்கினேனா?”

“இல்லைக்கா. நீ அமுக்கலை.”

“பாரு! நீ சொன்னதுதான் சரி.”

அவன் சொன்னது பொய் இல்லை. அந்த உண்மைதான் அவனைத் தூங்க விடவில்லை. நடுவில் அக்கா இல்லை. அவன் சொன்ன மாதிரியே இல்லை. ஆனால் காலியாக விட்டுப் போன இடம் காலியாக இருக்கவில்லை.

வேலையில் பேச்சு நின்றுபோயிற்று. தலைமாட்டில் ஊமையாக நின்றான். ஒரு பள்ளிக்கூட டீச்சர், “ஒண்ணும் தெரியாதுல்ல தம்பி?” என்று கையை நீட்டியபோது, மருந்து எடுக்கப் போவதுபோல நழுவிவிட்டான். அந்தக் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அன்று சாயங்காலம் கேன்டீனில் டாக்டரம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தான்.

“மேடம். அன்னைக்கு என் கையை ஏன் பிரிச்சு எடுத்தீங்க?”

அவர் டீயைக் கீழே வைத்தார்.

“நீதானான்னு கேட்டியா?”

“கேட்டேன்.”

“ரெண்டா?”

“ரெண்டு.” அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“படிச்சிட்டிருந்தப்போ ஒரு பெரியவருக்குக் காலுல ஆபரேஷன். மயக்கத்துல உள்ள முழிப்பு இருக்கான்னு எங்க பேராசிரியர் சும்மா சோதிச்சுப் பாக்கச் சொன்னார். ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டுன்னு காதுல சொல்லிட்டு, கையைப் பிடிச்சிட்டு உக்காந்தேன். உன்னை மாதிரிதான். வலிக்குதா, பயமா இருக்கா... எல்லாத்துக்கும் ரெண்டு. நீங்கதானான்னு கேட்டேன். அதுக்கும் ரெண்டு. பெரியவர் நல்லபடியா எழுந்தார். ஒண்ணுமே தெரியலைம்மான்னு சிரிச்சார்.”

“அவ்வளவுதானா மேடம்?”

“தனியா இருக்கீங்களான்னும் கேட்டேன்.”

“என்ன சொல்...”

“ரெண்டு.”

“அது நல்லதுதானே மேடம்? தனியா இல்லைன்னா... ஒரு துணைதானே?”

“நானும் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். அதோட விட்டிருக்கணும்.” டீயில் ஆடை படர்ந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டுட்டேன்.”

“எத்தனை... மேடம்?”

“தெரியலைப்பா. எண்ண ஆரம்பிச்சேன். முதல்ல பலமா ஒரு அமுக்கு. அப்புறம் மெதுவா ஒண்ணு. அடுத்தது சின்னக் குழந்தை பிடிக்கற மாதிரி... மூணு மணி நேர ஆபரேஷன். கடைசி நிமிஷம் வரைக்கும் நிக்கவே இல்லை.”

அவர் தன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“ஒரு அமுக்கு மாதிரி இன்னொண்ணு இல்லை.”