நோட்டில் நான் எழுதிய பெயர்

நான் ஒரு பெயரைத் திருடியவன். எதிர்வீட்டுத் தாமோதரனின் பெயரை, பட்டப்பகலில், அரசு அலுவலகத்தில், அரசாங்கப் பேனாவாலேயே திருடினேன்!

சிரிக்காதீர்கள்... சரி, சிரித்துக்கொள்ளுங்கள். நானே சிரித்தவன்தான்.

செம்பாக்கத்தில் எங்கள் நகருக்கென்று விட்டிருந்த பூங்கா இடத்தை யாரோ முள்வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். 'தனியார் சொத்து' என்று ஒரு பலகை வேறு. எந்தத் தனியார்? ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். எங்கள் வார்டு கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது தம் சொத்துகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரமாணப் பத்திரம் இருக்குமே, அதைப் பார்த்தால் என்ன?

மாநகராட்சி அலுவலகத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

"அத யார் வேணா கேக்கலாம் சார், ரகசியம்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் எழுத்தர். "பேரு, அட்ரஸ் மட்டும் இந்த நோட்டுல எழுதிடுங்க."

பேனாவை எடுத்தேன். பின்னால் கவுன்சிலரின் குரல்! வாசலில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்... அனுமதி வாங்காமல் நான் கட்டிய மாடி அறை என் கண்முன்னே செங்கல் செங்கலாக விழுந்தது. கை முத்து முத்தாக எழுதியது: தாமோதரன், இரண்டாவது குறுக்குத் தெரு.

ஏன் அவர்? தண்ணீர் லாரிக்காரன் திட்டினாலும் "தேங்க்ஸ்ணா" என்கிற மனிதர், அவரை யார் சந்தேகிப்பார்கள் என்று நினைத்தேனா? அது பிறகு கண்டுபிடித்த காரணம். பயத்தில் கைக்கு வந்த பெயர் அது!

நகல் கிடைத்தது. நான்காம் பக்கத்தில்... ஆகா! கவுன்சிலரின் மனைவி பெயரில் ஒரு காலி மனை. எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்கும் அதே சர்வே எண்! மாதக்கணக்கில் நாங்கள் தேடிய தனியார், தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். கேட்டுப் படிக்கத்தான் ஆளில்லை.

மறுநாள் நடைப்பயிற்சியில் வீட்டுக்கொரு நகலைத் தபால் பெட்டிகளில் போட்டேன்.

மாலையே கவுன்சிலரின் ஆள் ஒருவன் தாமோதரன் வாசலில் வண்டியை நிறுத்தினான். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன்.

"இன்னா சார், தலைவரு பேப்பரக் கேட்டியாமே? நோட்டுல உன் பேரு கீது."

தாமோதரன் விழித்தார். 'நான் இல்லையே' என்று சொல்லப்போகிறார், தொலைந்தேன்! அவர் கையிலிருந்த நகலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆமா, நான்தான் கேட்டேன். ஏன், கேக்கக் கூடாதா?"

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. "நாங்களும் கேப்போம்டா!" என்றது ஒரு மாடி. அடுத்த நாள் எங்கள் தெருவே அந்த அலுவலகத்தில் வரிசையில் நின்றது. நானும் நின்றேன், கூட்டத்தோடு நிற்கும்போது எனக்கு வீரம் பிரமாதமாக வரும்! மனு கலெக்டர் வரை போயிற்று. வேலியைப் பிடுங்கிய அன்று நான் போட்ட குத்தாட்டத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் படுத்திருந்தேன். ஜெயித்தோம் ஐயா, ஜெயித்தோம்!

ஆனால் அதற்கு நடுவே அளவு டேப்போடு சிலர் தாமோதரன் வீட்டுக்கு வந்தார்கள். விதிமீறலாம்! அவர் மகள் டியூஷன் எடுத்த ஷீட் கூரை அறையை இடித்தார்கள். என் மாடி அறையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பூங்காத் திறப்பில் அவருக்குச் சால்வை போட்டோம். மைக்கைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லிடறேன். நான் எந்த நோட்டுலயும் எழுதல. யாரோ என் பேர எழுதியிருக்காங்க. அவர் இங்க இருந்தா எந்திரிங்க சார், சால்வையில பாதி உங்களுது."

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

தபால் பெட்டி சமாச்சாரம் தெரிந்த என் மனைவி தொடையில் கிள்ளினாள். "எந்திரிங்க."

"சும்மா இருடி, ஜோக் அடிக்கறாரு."

எழுந்திருக்கவில்லை.

தினமும் மாலை பூங்காவில் அவர் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். "யாரா சார் இருக்கும்?" என்று கேட்கிறார். நானும் நாளுக்கொரு ஆளைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறேன். நேற்று மூன்றாவது தெரு வக்கீல் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.