கில்டராவின் கிணற்றுப் பாதை

ஏரம்பு போன மாசியில் இறந்தார். மாரடைப்பு. அமீரகத்தின் ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வரைபடப் பிரிவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவர் வரைந்த குழாய்களில் அங்கே இன்றும் எண்ணெய் ஓடுகிறது. ஆனால் அவர் பெயரோடு சுவரில் தொங்கும் ஒரே வரைபடம் ருவைஸில் இல்லை. அயர்லாந்தின் மேற்கே, கில்டரா என்ற சின்ன ஊரின் பொதுமண்டபத்தில் இருக்கிறது. அந்த ஊரை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பார்க்காததை வரைவதில்லை என்பதுதான் அவருடைய பிடிவாதம். ஒரு ஆவணி மாதம், வெயில் உச்சியில் நிற்கும்போது, பைப்பிங் ஃபோர்மன் பொன்னுச்சாமி அலுவலகத்துக்கு வந்து மேசையில் ஹெல்மெட்டை வைத்தார்.

"ஏரம்பண்ணே, உங்க டிராயிங்ல பைப்பு ஜோராப் போகுது. சைட்ல அந்த எடத்துல தூணு நிக்குது. என்ன செய்ய, தூணை நகட்டவா?"

"தூண் எப்ப வந்தது?"

"அது கிடக்கட்டும். நீங்க எப்ப வருவீங்க?"

ஏரம்பு பாதுகாப்புச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடந்தார். யாரோ பழைய வரைபடத்தைப் பார்த்து அளவு கொடுத்திருந்தார்கள். தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் புதிய கோடு போட்டார். அன்றிலிருந்து பொன்னுச்சாமியும் அவரும் சிநேகிதர்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான், இறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன், டோனல் வந்து சேர்ந்தார். வெல்டிங் இன்ஸ்பெக்டர், அயர்லாந்துக்காரர். அவருடைய ஊரில் ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்களாம். எழுதுவது அவருடைய அக்கா நோரா, ஓய்வுபெற்ற ஆசிரியை. பழைய ஊர் எப்படி இருந்தது என்று ஒரு வரைபடம் வேண்டும். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரின் மேல்பாதி காலியானது. மிஞ்சியவர்கள் கீழ்ப்பாதியில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பிறகு பாலைச் சேகரித்து வெண்ணெய் எடுக்கும் நிலையம் ஒன்று வந்தது. மின்சாரம் வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் இளைஞர்கள் கொஞ்சப் பேர் கப்பலேறினார்கள்.

"நீங்கள் ஊரைக் கட்டக் கட்ட ஆட்கள் போயிருக்கிறார்கள்" என்றார் ஏரம்பு.

"நானே போய்விட்டேனே" என்று டோனல் சிரித்தார்.

நோரா ஊர்க் கிழவர்களிடம் தாளைக் கொடுத்து, நினைவில் இருப்பதை வரையச் சொல்லி, படமெடுத்து அனுப்பியிருந்தார். வீடுகள், வேலிகள், கொல்லன் பட்டறை, பள்ளி. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் ஒரு சிறு வட்டம். பார்க்காத ஊரை வரைவதா என்று ஏரம்பு இரண்டு வாரம் இழுத்தார். கடைசியில் செயற்கைக்கோள் படத்தைக் கீழே வைத்து, வேலை முடிந்த மாலைகளில் வீட்டு மடிக்கணினியில் வரைய உட்கார்ந்தார். வேலை முடிந்தபோது தனக்கே பிடித்துப்போயிற்று. டோனலிடம் கொடுக்கும்போது, "இதிலை பிழை கண்டுபிடிச்சால் நான் பேனையைக் கீழே வைக்கிறன்" என்று மனைவியிடம் சொன்னதை ஆங்கிலத்தில் அவரிடமும் சொன்னார்.

கில்டராவில் அந்த வரைபடத்தைச் சட்டமிட்டு மண்டபத்தில் மாட்டினார்கள். மாதம் ஒன்று ஆகவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டோனல் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் சரியில்லை. வாட்ஸப்பில் அழைப்புப் போகாத நாடு என்பதால், மகள் கஜந்தி டீம்ஸ் செயலியில் நோராவை இணைத்துக் கொடுத்தாள். அவள் அபுதாபியில் கருவிப் பொறியாளர். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

நோரா சுற்றி வளைக்கவில்லை. "மிஸ்டர் ஏரம்பு, எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கிணறு எங்கிருந்து வந்தது?"

"நீங்கள் அனுப்பிய படத்தில் வட்டம் இருந்ததே."

"அது கிணறு இல்லை. எரிக்கிற மண்கட்டிக் குவியல்."

ஏரம்புக்கு விளங்கவில்லை. டோனல் விளக்கினார். சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்து, குளிருக்கு எரிப்பார்கள். அதை வீட்டோரம் குவித்து வைப்பார்கள். ஊருக்குக் கிணறு ஒன்றே ஒன்று, குன்றின் அடியில். குழாய் வரும்வரை எல்லோரும் ஒரே பாதையில் நடந்துபோய்த்தான் தண்ணீர் எடுத்தார்கள். டப்ளினிலிருந்து வந்து பாதை போகும் மேய்ச்சல் நிலத்தை வாங்கியவர் இப்போது பாதைக்குக் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார். ஊர் அதை எதிர்த்து மாவட்டக் கவுன்சிலுக்குப் போயிருக்கிறது. அந்த மனிதர் மண்டபத்துக்கு வந்து, வரைபடத்தைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"உங்கள் வரைபடமே சொல்கிறதே, வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது, பொதுப்பாதை எதற்கு என்று கேட்கிறார்" என்றார் நோரா. "நான் என்ன பதில் சொல்வது?"

அழைப்பு முடிந்ததும் ஏரம்பு நோரா அனுப்பிய படங்களைத் திறந்து, வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பிறந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில், புலோலியில். அங்கே வீட்டுக்கு வீடு வளவுக்குள் கிணறு. வீட்டோரம் வட்டம் இருந்தால் அது கிணறுதான். அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி பத்மாவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் புங்குடுதீவுக்காரி.

"என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே. எங்கடை வீட்டுக் கிணறு உப்பு. நல்லதண்ணிக்கு எவ்வளவு தூரம் நடந்தனாங்கள் தெரியுமோ? உங்களுக்கென்ன, குசினி வாசலிலை கிணறு. கால் நோகாத ஆக்கள்."

"உப்பிடி நக்கலடிக்கிற நேரமோ இது?"

"வேறை எப்ப அடிக்கிறது? பேனையைக் கீழே வைக்கிறன் எண்டு சொன்னனீங்கள், வையுங்கோவன்."

டோனல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏரம்பிடம் மெதுவாகச் சொன்னார். "ஒன்றுமில்லை, வட்டங்களை அழித்துவிட்டு வேறு பிரதி கொடுங்கள். சட்டத்தில் மாற்றிவிடச் சொல்கிறேன்."

"முதல் பிரதி அந்த ஆளின் போனில் இருக்கிறது" என்றார் ஏரம்பு. "சத்தமில்லாமல் மாற்றினால், வழக்குக்காக மாற்றினோம் என்பான். பிறகு பாதை என்று நாம் கீறும் கோட்டையும் யாரும் நம்பமாட்டார்கள். பிழை என்னுடையது. அது தெரியத்தான் வேண்டும்."

வரைபடத்தில் ஒன்றைத் திருத்தினால், திருத்திய இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு வளைகோடு போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஏரம்பு ஒவ்வொரு பொய்க் கிணற்றைச் சுற்றியும் மேகம் போட்டார். மூலையில் எழுதினார்: முந்தைய பதிப்பில் கிணறு என்று காட்டியவை எரிகட்டிக் குவியல்கள், தவறு வரைந்தவருடையது. கையெழுத்து.

ஆனால் கிணறுகளை நீக்கினால் மட்டும் போதாதே. பாதை எங்கே போயிற்று? கிழவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கோடு கீறினார்கள். குழாய் வந்த பிறகு அறுபது வருடமாக யாரும் நடக்கவில்லை. புல்லும் முள்ளும் மூடிவிட்டன. செயற்கைக்கோள் படத்திலும் பச்சைதான்.

"பாதையைக் கேட்டால் ஆர் சொல்லுவினம்?" என்றார் பத்மாவதி. இப்போது சிரிக்கவில்லை. "நிறைகுடத்தோடை வாறவளுக்குப் பாதை ஞாபகம் இராது. இடுப்பு நோகும். எங்கை இறக்கி வைச்சனீங்கள் எண்டு கேளுங்கோ. அது மறக்காது. நான் இப்பவும் சொல்லுவன், முதல் பூவரசடி, பிறகு வாசிகசாலை மதில்."

ஏரம்பு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அடுத்த நிமிடம் நோராவுக்குச் செய்தி போயிற்று. வாளியை எங்கே இறக்கி வைத்தீர்கள் என்ற ஒரு கேள்வி மட்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது.

குரல் பதிவுகள் வந்தன. தட்டைக் கல், என்றார் ஒரு கிழவி. சுவர் உடைந்த இடத்துக்குக் கீழே, தட்டையான கல், என்றார் இன்னொருவர். அதன் பிறகு பள்ளிக்கூட மூலை. மூன்றாமவரும் அதே கல்லைத்தான் சொன்னார். ஒரு கிழவர் மட்டும், "என் அம்மா எங்கேயும் இறக்கி வைத்ததில்லை, அவள் குதிரை மாதிரி" என்று பெருமையடித்தார். பின்னணியில் அவருடைய மனைவி, "பொய்! உன் அம்மா கல்லில் உட்கார்ந்து புகைபிடிப்பாள்" என்று கத்துவதும் பதிவில் விழுந்திருந்தது. ஏரம்பு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

இறக்கி வைத்த இடங்களைப் புள்ளியாகக் குறித்தார். புள்ளிகளை இணைத்தார். கோடு குன்றடியிலிருந்து புறப்பட்டு, நேரே அந்தப் பூட்டிய கேட் வழியாக வந்து, பள்ளிக்கூடத்தில் முடிந்தது. கல் இருக்க வேண்டிய இடத்தை அளவோடு எழுதினார்.

ஞாயிறு மாலை பார்க்கில் பொன்னுச்சாமி அவரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அயர்லாந்துல ஊருக்கெல்லாம் கிணறு வெட்டிக் குடுத்தீங்களாமே! எங்க ராம்நாட்டுப் பக்கமும் நாலு வட்டம் போடுங்க, புண்ணியமாப் போகும்."

"போட்டிருக்கிறன். மேகத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறன்."

"மேகமா? அப்ப மழையும் வரும்!"

ஏரம்பு சிரித்தார். ஆனால் இரவுச் சாப்பாட்டில் பாதியைத் தள்ளி வைத்தார். அந்தக் கல் அங்கே இல்லையென்றால், தன் கையால் ஒரு ஊரின் பாதையை மூடியவர் ஆகிவிடுவார். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

சித்திரையில் கவுன்சில் ஆட்கள் இடத்தைப் பார்க்க வந்தார்கள். டோனல் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ருவைஸில் சனிக்கிழமை, பிற்பகல். கஜந்தி மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். திரையில் சாம்பல் வானம், கால்கள், ஈரப் புல். நிலத்துக்காரர் கேட்டருகில் கைகட்டி நின்றார். "இந்த வரைபடக்காரர் ஒருமுறை பிழை விட்டவர். தானே எழுதியிருக்கிறார்" என்றார்.

கவுன்சில் அதிகாரி ஒரு பெண். தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஆமாம், எழுதியிருக்கிறார். அதனால்தான் மிச்சத்தை நடந்து பார்க்க வந்தேன்."

அளவுநாடா ஓடியது. ஓர் இளைஞன் முட்புதரை வெட்டினான். மண். மறுபடி மண். ஏரம்பு திரைக்கு மிக அருகில் போய்விட்டார்.

"அப்பா, கொஞ்சம் விலகுங்கோ, எங்களுக்கும் தெரியோணும்" என்றாள் கஜந்தி.

மண்வெட்டி எதிலோ பட்டு ஓசை எழுந்தது. குறித்த இடத்திலிருந்து நாலு எட்டுத் தள்ளி. பாசி சுரண்டியதும் கல் தெரிந்தது. மேல்பக்கம் நடுவில் தேய்ந்து குழிந்து, வாளி வைத்து வைத்துப் பழகிய கல். நோரா அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். யாரோ கைதட்டினார்கள். நிலத்துக்காரர் சட்டைப் பையில் சாவியைத் தேடினார்.

டோனல் போனைப் பிடித்துக்கொண்டே கிணற்றடி வரை ஓடினார். உள்ளே இலைச் சருகும் கறுத்த நீரும். "பார்த்தீர்களா, இதுதான்!"

பத்மாவதி எட்டிப் பார்த்தார். "உதைக் குடிச்சிடப் போகினம், சொல்லுங்கோ. முதல்லை முழுக்க இறைச்சு, அடிச்சேறு அள்ளி, ஊற விடோணும்."

ஏரம்பு தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அலுவலகத்தில் பேசும் ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் விடாமல், கில்டராவுக்கு அதைச் சொல்லத் தொடங்கினார். அங்கே முட்புதர் வெட்டிய இளைஞன் வாளி தேடப் போனான்.