ஏறும்போது எத்தனை தடவை நிற்கிறீர்கள்?

மார்கழிக் குளிரில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஜெசிந்தாவிடமிருந்து போன்.

"அக்கா, உங்களால ஒரு சோலி ஆகணும். ஒரு ஃபார்ம் வந்திருக்கு. தமிழ்லதான் இருக்கு, ஆனா எங்க யாருக்கும் புரியல. நாளைக்குத் தாண்டிக்குடி கேம்ப்புக்கு வந்து படிச்சுச் சொல்ல முடியுமா?"

என்ன ஃபார்ம்? மாதவிடாய் நின்றுபோன பெண்களின் உடலும் மனசும் எப்படி இருக்கின்றன என்று அளந்து பார்க்கும் ஃபார்ம். மதுரையிலிருந்து ஓர் ஆய்வுக் குழு அனுப்பியிருந்தது. எனக்கு நின்று ஐந்து வருஷம் ஆகிறது. அப்படிப் பார்த்தால் நானும் கட்சிக்காரிதானே? மறுநாள் வெள்ளனே ஜீப்பில் ஏறிவிட்டேன்.

காப்பிக் கொட்டை காயவைக்கும் களத்தில் இருபது பெண்கள் காத்திருந்தார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எடை, உயரம், பிரஷர் எல்லாம் மளமளவென்று முடிந்தன. அப்புறம் ஜெசிந்தா பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தாள். பிடித்து அழுத்தினால் கையின் பலம் எவ்வளவு என்று காட்டும்.

அவ்வளவுதான், களம் திருவிழாவாகிவிட்டது. ஒருத்தர் அழுத்த, மற்றவர்கள் எட்டிப் பார்க்க, "ஏ... கழுத்த நெறிக்கிற மாதிரி பிடி புள்ள" என்று யோசனை சொல்ல...

முதலிடம் புஷ்பராணிக்கு. வயது ஐம்பத்தெட்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் பெற்றோரோடு இங்கே வந்து சேர்ந்தவர். நாற்பது வருஷமாகக் காப்பிப் பழம் பறிக்கிறார். அவர் அழுத்தியபோது வந்த எண், என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. பேனா பிடிக்கிற கைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு கேள்விகள். வாசிக்க வேண்டியது நான்.

'தங்களது உடல்சார் நல்வாழ்வு நிலையைப் பூஜ்ஜியம் முதல் பத்து வரையிலான அளவுகோலில் குறிப்பிடவும்.'

முன்வரிசை அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "பத்துதான நல்ல மார்க்கு? பத்தே போடச் சொல்லு." எல்லாரும் பத்து.

'திடீர் வெப்பப் பாய்ச்சல் ஏற்படுகிறதா?' கரண்ட் விஷயம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. இல்லை என்றார்கள்.

'ஒரு தளம் மாடிப்படி ஏறுவதில் சிரமம் உண்டா?'

"மாடி எங்கம்மா இருக்கு, நாங்க ஏற?" என்றார் புஷ்பராணி.

நியாயம்தானே? மலைச்சரிவில் ஓட்டு வீடு கட்டிக் குடியிருக்கிறவர்களிடம் மாடியைப் பற்றி என்ன கேள்வி? பேப்பரை மடியில் வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி கேட்டேன். "சரி, ரோட்டுல இருந்து உங்க வீட்டுக்கு ஏறும்போது எத்தனை தடவை நிக்கிறீங்க?"

அடைத்த குழாய் திறந்துகொண்டதுபோல் பேச்சு கொட்டியது. ஒருவர் மூன்று தடவை நிற்பாராம். இன்னொருவருக்கு முழங்கால், உட்கார்ந்தே ஆக வேண்டும். திடீரென்று உடம்பு குப்பென்று காந்தும், மார்கழியிலும் முந்தானையால் விசிறிக்கொள்வேன் என்றார் ஒருவர். தூக்கமே கெடையாது, சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன் என்றார் மற்றொருவர். பத்துக்குப் பத்து வாங்கிய அதே பெண்கள்! ஜெசிந்தாவின் பேனா ஓட்டமாக ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் எழுதிய எந்த வாக்கியத்துக்கும் இப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை.

புஷ்பராணியின் முறை வந்தது.

"முன்னாடி நிக்காம ஏறிருவேன். இந்த ரெண்டு மாசமா நாலு எடத்துல நிக்கிறேன். கண்ண இருட்டிக்கிட்டு வருது."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். எழுந்து போய் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை, வெளுத்திருந்தது.

"தூரம் நின்னு எத்தன வருசம்க்கா?"

"எட்டு வருசம்."

"அதுக்கப்புறம் ஏதாச்சும் பட்டுச்சா?"

புஷ்பராணி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலை இறக்கினார். "தீவாளியில இருந்து அப்பப்பப் படுது. பக்கத்து வீட்டுல சொன்னேன். ஒனக்கு வயசு திரும்புதுடின்னு சிரிச்சா. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். பேத்தி எடுத்தவ இதப் போயி யாருகிட்டச் சொல்றது?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஃபார்மைப் புரட்டினேன். நான்கு பக்கம். நின்று எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வி இருந்தது. நின்ற பிறகு ரத்தம் பட்டதா என்ற கேள்வி எங்குமே இல்லை.

"அக்கா, இன்னிக்கே திண்டுக்கல் போயி ஸ்கேன் எடுத்துருவோம்" என்றாள் ஜெசிந்தா.

"பழம் எடுக்கிற நேரம் நர்ஸம்மா. இப்பப் போனா எல்லாம் சுணங்கிப் போயிரும். சூட்டுல படுறதுதான், சும்மாத்தான் இருக்கும்."

"சும்மாவும் இருக்கலாம்க்கா. ஆனா அத ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும். நீங்களும் நானும் சொல்லக் கூடாது."

புஷ்பராணியின் கணவர் செல்லையா களத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் மனைவியின் மாற்றுச் சேலையை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் புஷ்பராணியும் மறுக்கவில்லை.

மலை இறங்கும் வரை புஷ்பராணி என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியின் பலம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"கப்பல்ல வந்தப்பக்கூட எனக்குப் பயம் வரல. இப்ப வருது" என்றார். "எனக்கும்தான்" என்றேன்.

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. புற்றுநோய். ஆரம்பம்தான் போலத் தெரிகிறது, ஆபரேஷன் செய்து பார்த்தால்தான் உறுதியாகும் என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பரவியிருக்கிறதா இல்லையா என்று காத்திருந்தோம்.

அந்தப் பத்து நாளில் நான் எழுதிய பத்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். சவசவ என்று இருந்ததாக மூன்று பேர் கடிதம் எழுதினீர்கள். இப்போது காரணம் தெரிகிறதா?

பதினோராம் நாள் கொடைக்கானல் மார்க்கெட்டில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஜெசிந்தாதான். அழுகிறாளா, சிரிக்கிறாளா?

"தாண்டலக்கா... கர்ப்பப்பைய விட்டு வெளிய தாண்டவே இல்லையாம். வேற மருந்துகூட வேணாமாம். செக்கப்புக்கு வந்தாப் போதுமாம்."

நான் கேரட்காரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஜெசிந்தா சும்மா இருக்கவில்லை. மதுரைக் குழுவோடு பேசி, விடுபட்ட கேள்வியை ஃபார்மில் சேர்க்க வைத்தாள். அதோடு போன வாரம் பாச்சலூரில் நடந்த கேம்ப்புக்குப் புஷ்பராணியையும் அழைத்து வந்தாள். நானும் போயிருந்தேன்.

முப்பது பெண்கள். புஷ்பராணி இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் ரத்தம் ஓடியது. மைக் வேண்டாம் என்றுவிட்டார்.

"எனக்கு எட்டு வருசம் கழிச்சுப் பட்டுச்சு. நாலு சொட்டுதானேன்னு நெனச்சேன். வெக்கப்பட்டுக்கிட்டு இருந்திருந்தா இன்னேரம் என்ன ஆயிருப்பேனோ... நின்னு ஒரு வருசம் ஆனதுக்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் வெரசா வந்து காட்டிருங்க. எல்லாருக்கும் இதாத்தான் இருக்கும்னு இல்ல. முக்காவாசி சின்ன விசயமாத்தான் இருக்குமாம். ஆனா காட்டாம யாருக்கும் தெரியாது."

கூட்டம் கலைந்தது. நானும் ஜீப்பை நோக்கி நடந்தேன். திரும்பிப் பார்த்தால், இரண்டு பெண்கள் மட்டும் போகாமல் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முதலாமவர் புஷ்பராணியிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். புஷ்பராணி அவர் தோளில் கைபோட்டு ஜெசிந்தாவிடம் அழைத்துப் போனார். இரண்டாமவர் பின்னாலேயே போனார்.

எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

இதைப் படிக்கும் வாசகிகளில் அப்படி ஒருத்தி இருந்தால், பத்திரிகையை இங்கேயே மடித்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள் அம்மா. பத்தி எங்கேயும் ஓடிவிடாது.