சொல்தா பக்கிரியின் மாத்திரை

மாத்திரையை நாக்கின் நடுவில் வைத்து, அண்ணாந்து, ஒரு சின்னக் கிளாஸ் பிராந்தியை ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வார். தண்ணீரா? கிட்டே வரக்கூடாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தபோது மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மாத்திரையை அப்படித்தான் விழுங்கினாராம். அங்கே தண்ணீர் குடித்தவனெல்லாம் பேதியில் போய்விட்டான், நான் மட்டும் பென்சன் வாங்குகிறேன் என்பது அவர் கட்சி. தலைவலியோ சளியோ, எந்த மாத்திரைக்கும் இதே மரியாதைதான்.

பட்டாளத்துக்காரரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். என் அடுத்த வீட்டு சொல்தா பக்கிரிக்கு மீசையில் எண்ணெய், சட்டையில் கஞ்சி, தெருவுக்கெல்லாம் அதட்டல். போன வருஷம் நீரிழிவு என்று தெரிந்தது. ஊசி வேண்டாம், புதிதாக வந்திருக்கிற மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னதை ஊரைக் கூட்டிச் சொன்னார். இனிப்பை விட்டார், சோற்றைப் பாதியாக்கினார். குடியும் அளவுதான். அவர் தள்ளாடி நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றவர், என்னைப் பார்த்து "யார்ரா நீ?" என்றார். கை வெடவெடவென்று நடுங்கியது. மனைவி தனக்கொடி கூசிப்போய் அவரை உள்ளே இழுத்துப்போனாள். இன்றைக்கு அதிகமாகிவிட்டது, தூங்கினால் தெளியும் என்று போர்த்திப் படுக்கவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பாடு கேட்டு ஓடினேன். பாய் ஈரமாக இருந்தது. உடம்பு ஜில்லிட்டுப்போயிருந்தது. உலுக்கினாலும் அசைவில்லை.

"பாட்டில்ல எப்பவும் போல ஒரு கிளாசுதாங்க கொறஞ்சிருக்கு. இது போதை இல்லீங்க" என்றாள். நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டர் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் பக்கிரி கண்ணைத் திறந்தார். மாத்திரையை எதில் விழுங்குகிறார் என்று டாக்டர் கேட்க, தனக்கொடி பாட்டிலைக் காட்டினாள்; அன்றைக்குக் காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வெறும் வயிற்றில் இந்த மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடுமாம். பார்ப்பவர்களுக்குக் குடிவெறி மாதிரியே தெரியுமாம். தூங்கட்டும் என்று விட்டிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்றார். அட பாவி மனுஷா! சந்துக்குச் சந்து சாராயக்கடை இருக்கிற ஊரில், தள்ளாடுகிறவனை யார் நின்று கவனிக்கிறார்கள்?

பிராந்தியை விட்டுவிட்டார், குரலை விடவில்லை. "சைகோன்ல சாவாதவன ஒரு கிளாசு சாச்சிடப் பாத்துச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் வீரம் பேசுகிறார். தனக்கொடி சிரிப்பதில்லை. "நாந்தாங்க போத்திவுட்டேன்" என்பாள், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் எட்டிப்பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனக்கொடி, அவர் நெற்றியைத் தடவி வியர்வை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நா யாரு, சொல்லுய்யா."

தெருவையே அதட்டுகிறவர் தூக்கக் கலக்கத்தோடு, "தனக்கொடி" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.