வெள்ளிக்கிழமை படியேறாத நாய்

எங்கள் வீட்டுக்கு வந்த நாயின் தகப்பன் லெப்ரடோர் என்று மாமா சொன்னார். அந்தத் தகப்பனைப் பார்த்தவர் யாரும் இல்லை. தாயை மட்டும் குண்டசாலையில், மாமா வீட்டு ஒழுங்கையில், எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒரு காது மடிந்து, குப்பை லொறியின் பின்னால் ஓடித் திரிந்த தெரு நாய் அது. அந்தக் காது எங்கள் நாய்க்கும் வாய்த்திருந்தது. தகப்பனிடமிருந்து வந்ததாக மாமா அடித்துச் சொன்னது அதன் பசியை மட்டும்தான். நிறம் கறுப்பு, பெயர் பிரவுனி. பெயரையும் மாமாதான் வைத்தார் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

"லெப்ரடோர் ரத்தம்னா சும்மாவா அக்கா? எதத் தூக்கிப் போட்டாலும் கொண்டாந்து கையில குடுக்கும். பொறப்புலயே வர்றது" என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. கைத்தொலைபேசியில் பார்க்கிற வீடியோக்களை நம்பி, உலகத்தில் உள்ள எந்த வேலையையும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் துணிந்தவர்.

அந்தப் பேச்சு அம்மாவின் மனதில் தங்கிவிட்டதற்குக் காரணம் காலைச் சாப்பாட்டுக்கு வாங்குகிற பேக்கரிப் பாண். வத்தேகமவில் எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே, சரிவில் இருந்தது. ரோட்டிலிருந்து வாசல் வரை செங்குத்தான சீமெந்துப் படிகள். காலையில் பாண்காரரின் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து படிகளின் அடியில் நிற்கும். அம்மாதான் இறங்கிப் போய் வாங்கி வருவாள். அந்த ஆகஸ்ட் விடுமுறையில் அவளுடைய முழங்கால் வீங்கிவிட்டது. அப்பாவுக்குக் கண்டியில் மாநகர சபை வேலை. தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலக் காலத்தில், முன்னேற்பாட்டு வேலைகளுக்காக விடியுமுன்னே பஸ் ஏறிவிடுவார். எனக்கு ஒன்பது வயது. வளைவில் பஸ்கள் வருகிற வேகத்தைப் பார்த்து, என்னைப் பாதிப் படிக்குக் கீழே அம்மா விடமாட்டாள்.

மிச்சம் இருந்தவர் சித்தப்பா. அவர் படி இறங்குவதில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. முந்தின வருடம் கட்டாருக்குப் போனார். அவர் போன அன்று, கீழே முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் இருந்த அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் கூடி மாலை போட்டு, பட்டாசு கொளுத்தி, வான் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வருடம் திரும்புமுன் அங்கே கம்பனியை மூடிவிட்டார்கள். கொண்டுபோன அதே பையோடு சித்தப்பா திரும்பி வந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் எங்கள் ஊரில் கேட்பதற்கு இரண்டே கேள்விகள்: எப்ப வந்தது, எப்ப திரும்பப் போறது? யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. முதல் கிழமை, அடுத்த மாதம் போவதாகச் சித்தப்பா சொன்னார். அதற்குப் பிறகு, கேட்பவர்கள் இருக்கிற பக்கம் இறங்குவதையே விட்டுவிட்டார். தலைமுடி காதை மூடி வளர்ந்தது. பின்னறை ஜன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "ஒரு நட கீழ போயிட்டு வாங்களேன் தம்பி" என்று அம்மா தேத்தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் சொல்வாள். "நாளைக்குப் போறேன் அண்ணி" என்பார். அவருடைய தட்டில் பாதிச் சோறு அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து அம்மா கவலைப்படுவாள். எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. கெரம் விளையாட எந்நேரமும் வீட்டில் ஓர் ஆள் இருந்தது.

ஆக, பாண் கொண்டுவரும் பொறுப்பு பிரவுனியிடம் வந்து சேர்ந்தது.

முதலில் அப்பா பழக்கினார். அவருடைய முறை உத்தரவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, வாயில் துணிப்பையைத் திணித்து, "ம், நட!" என்று இழுத்தார். நாய் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. அப்பா இழுக்க, அது சறுக்கிக்கொண்டே போனது. அன்று அது கற்றுக்கொண்டது ஒன்றுதான், பை என்றால் தண்டனை. அதன்பின், மாலையில் அப்பா வேலைப் பையோடு வாசலில் தலையைக் காட்டியதும் வாலை ஒடுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். நாள் முழுக்கப் பெரஹரா வேலையில் அல்லாடிவிட்டு வருகிற மனிதரை அவருடைய வீட்டு நாயே இப்படி வரவேற்றது. பாவம் அப்பா, இரண்டு நாள் பையை வெளியிலேயே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

அடுத்தது மாமா. அடிக்கக்கூடாது, அதட்டக்கூடாது, எல்லாம் சத்தத்தில்தான் இருக்கிறது என்றார். நாய் சரியாக ஒன்றைச் செய்த அந்த நொடியில் 'டிக்' என்று சத்தம் வரவேண்டும், கூடவே பிஸ்கட். சத்தத்துக்கு வெளிநாட்டில் விற்கிற கருவி இங்கே கிடைக்காததால் பேனையின் தலையை அமுக்கினார். பிரவுனி இதை மிக வேகமாகப் பிடித்துக்கொண்டது. பையைத் தொட்டது, டிக், தூக்கியது, டிக், ஒரு படி ஏறியது, டிக். ஆனால் ஒவ்வொரு டிக்குக்கும் பையைக் கீழே போட்டுவிட்டு பிஸ்கட்டுக்கு வாயைத் திறந்தது. மாமா பேனையோடும் பிஸ்கட் டின்னோடும் அதன் பின்னால் படிபடியாக ஏறவேண்டியிருந்தது. "இவ்வளவு ஏறுறதுக்கு நீயே பாணத் தூக்கிட்டு வந்துருவியேடா" என்றாள் அம்மா. மாமா குண்டசாலைக்குத் திரும்பிய பிறகும் நாய்க்குப் பேனை மறக்கவில்லை. என் தவணை அறிக்கையில் கையெழுத்துப் போட அப்பா பேனையை அமுக்க, அது பாய்ந்து வந்து மேசையில் தாடையை வைத்தது. கணிதப் புள்ளிக்கு நேரே அதன் எச்சில் பட்டது. அந்த ஒரு விஷயத்தில் நான் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது முறை என்னுடையது. சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று வகுப்பில் ரீச்சர் சொல்லியிருந்தார். எனவே பையைப் பல்லால் கவ்விக்கொண்டு நாலு காலில் படியேறினேன். பிரவுனி மேல்படியில் உட்கார்ந்து, டிக்கட் எடுத்து வந்த ஆள் மாதிரி ரசித்துப் பார்த்தது. நான் வாசலை அடைவதற்கும் அம்மா வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. "நாய் வாய் வச்ச பைய..." என்று தலையில் குட்டக் கையை ஓங்கினாள். அப்போது பின்னறை ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓங்கிய கை அப்படியே நிற்க, அம்மா அந்த ஜன்னலைப் பார்த்தாள். குட்டு விழவே இல்லை.

அன்று மாலையே அம்மா, "தம்பி, இவங்க யாருக்கும் பொறும இல்ல. இந்த நாய நீங்கதான் பழக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

சித்தப்பாவின் முறையில் சத்தமே இல்லை. மேல்படியில் பையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். நாய் பையை மோந்து, சுற்றி, படுத்து, கடைசியில் போனால் போகிறதென்று தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டது. உடனே ஒரு நெத்தலிக் கருவாடு. மாமாவின் பிஸ்கட்டையெல்லாம் அந்த நெத்தலி தோற்கடித்துவிட்டது. மறுநாள் பை ஒரு படி கீழே இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் ஒரு படி. பையோடு சேர்ந்து சித்தப்பாவும் இறங்கினார். இதை அம்மா சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பாள். படிகளின் நடுவில் ஒரு கொய்யா மரம் நின்றது. அதைத் தாண்டினால் ரோட்டில் இருப்பவர்களுக்கு ஆள் தெரியும். அங்கே வந்ததும் சித்தப்பா நின்றுவிட்டார். அதற்குப் பிறகு பையை அங்கிருந்தே கீழே எறிந்தார். நாய் மட்டும் போய் எடுத்து வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பழக்கலுக்கு லீவு. அன்று எங்கள் வீட்டில் சைவம். அம்மா விடியற்காலையில் தலை முழுகி விளக்கேற்றிவிட்டால், நெத்தலிப் போத்தலைத் தொட்டவர் கைகழுவினாலும் சாமியறைப் பக்கம் போகமுடியாது.

ஒரு திங்கட்கிழமை பிரவுனி முழு வேலையையும் செய்தது. வண்டியின் பாட்டுக் கேட்டதும் வெறும் பையோடு இறங்கி ஓடியது. நான் கொய்யா மரத்தடியிலிருந்து கத்திச் சொல்ல, பாண்காரர் சிரித்துக்கொண்டே பாணை உள்ளே வைத்துப் பையை அதன் வாயில் கொடுத்தார். ஒரு பாண் கூட நசுங்காமல் மேலே வந்தது. நான் குதித்தேன். அப்பா பெரஹரா வேலையில் நின்றபடி தொலைபேசியில் கேட்டு, அங்கிருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். சித்தப்பா நாயின் தலையைத் தடவி, "இனி யாருமே கீழ எறங்கத் தேவல்ல அண்ணி" என்றார். அம்மாவின் முகம் வாடிப்போனது. முழங்கால் வலியில் இருந்தவள் எல்லோரையும்விட அதிகமாக அல்லவா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்? அவளுக்கு நாயைப் பிடிக்காது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாமா தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். நாளைக்கு நெத்தலிக்குப் பதிலாக பிஸ்கட் கொடுக்கலாம், பிஸ்கட் சைவம்தானே என்றார். "வெள்ளிக்கிழமையில லஞ்சம் குடுக்கிற வேல எல்லாம் வேணாம். நாயும் ஒரு நாளைக்கு வெரதம் இருக்கட்டும்" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள். பிறகு பிஸ்கட் டின்னை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை வானம் மூட்டமாக இருந்தது. பாட்டுக் கேட்டதும் பிரவுனி வழக்கம்போல ஓடியது, பாண் பையை வாயில் வாங்கியது, இரண்டு படி ஏறியது. அங்கே நின்று மூக்கை உயர்த்தி வீட்டுப் பக்கம் மோந்தது. வந்ததெல்லாம் சாம்பிராணி வாசம். அது திரும்பி இறங்கி, கடைசிப் படியில் பையை வைத்து, அதன்மேல் ஒரு காலையும் போட்டுப் படுத்துக்கொண்டது.

சித்தப்பா வாசலில் நின்று கூப்பிட்டார். வெறுங்கையை மூடிக் காட்டினார். பேனையைக் கொண்டுவந்து அமுக்கிக்கூடப் பார்த்தார். நாய் வாலை மட்டும் ஆட்டியது. பாண்காரர் எடுத்துக் கொடுக்கலாம் என்று பைக்குக் குனிய, அது உறுமியது. தூறல் விழத் தொடங்கியது.

"அண்ணி, பாண் நனையுது. பிஸ்கட் டின் எங்க?"

"முடிஞ்சு போச்சு தம்பி" என்றாள் அம்மா. சாமி விளக்குக்கு முன்னால் நின்றபடியே சொன்னாள். பெரியவர்கள் வெள்ளிக்கிழமையிலும் பொய் சொல்லலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. அலுமாரிக்கு மேலே இருப்பதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா வந்து என் ஒற்றைப் பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். "அப்ப நான் ஓடிப் போய் எடுத்துட்டு வாறேன்" என்றேன். இன்னோர் இழுப்பு. "இந்த மொழங்கால வச்சிக்கிட்டு நான் என்னா செய்வேன்? பாண் இல்லாட்டி இன்னிக்கு எல்லாரும் பட்டினிதான்" என்றாள், சித்தப்பாவுக்குக் கேட்கும்படி.

சித்தப்பா கொய்யா மரம் வரை இறங்கினார். அங்கே நின்று, "பிரவுனி, வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். நாய் அசையவில்லை. ஒரு பஸ் போனது. அவர் சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார், தலைமுடியைக் கையால் கோதினார், ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் மறைந்தாள். கதவிடுக்கால் பார்த்தபோது அவர் மரத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்.

பாண்காரர் வண்டிப் பாட்டை நிறுத்தினார். சிங்களவர்; எங்களோடு பேசுவது அவருக்கே உரிய தமிழ், தம்பி என்பதற்கு மட்டும் மல்லி என்பார். அவருடைய குரல் மேலே வரை கேட்டது.

"ஆ, மல்லி! இது ஒங்கட நாய்தானே? பாண் எடுக்குது, மேல போறது இல்ல. நீங்க எப்ப வந்தது?"

சித்தப்பா குனிந்து நாயின் காலடியிலிருந்து பையை எடுத்தார்.

"வந்து கனநாளாச்சு அய்யா. இனித் திரும்பிப் போறதில்ல. இங்கதான் ஏதாச்சும் பார்க்கணும்."

"அது நல்லம், அது நல்லம். மழயில நிக்க வேணாம், உள்ளுக்கு வாங்க" என்று பாண்காரர் வண்டியின் ஓரத்தில் இடம் விட்டு, சீனி தூவிய ஒரு கிம்புலா பனிஸை எடுத்துச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். தரிப்பிடத்திலிருந்து யாரோ சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஒருவர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பிறகு இன்னொருவர். பிரவுனி சலித்துப்போய், மழையில் நனைந்தபடி, வெறும் வாயோடு படியேறி எங்களிடம் வந்தது. சித்தப்பா வரவில்லை. பாணும் வரவில்லை. அவர் பனிஸைக் கடித்தபடி கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் பழக்கி, கடைசியில் சித்தப்பாவே இறங்க வேண்டியதாகிவிட்டது. நாய் தோற்றுவிட்டது, இனி இதை வீட்டில் யார் மதிக்கப் போகிறார்கள் என்று அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் பின்னலை விடாமல் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் அழுத்தி, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். நாயின் மேல் அவளுக்கும் இவ்வளவு பாசம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அழாதம்மா, அடுத்த வெள்ளிக்கெழமக்குள்ள எப்பிடியாச்சும் பழக்கிடலாம், சித்தப்பா திரும்ப எறங்க வேண்டி வராது" என்று சொன்னேன்.